ஒரு டிசைன், ஒரே கிட்டார்

"வாக்கு குடுத்தியா இல்லியா, ஆன்சி? அத மட்டும் சொல்லு."

பெனிட்டோ போட்ட சத்தத்தில் கல்மண்டபம் பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

கிட்டார் பட்டறைக்குள் ஆன்சி உப்புத்தாளைக் கீழே வைத்தாள். "குடுத்தேன்."

"இன்னான்னு குடுத்தே?"

"பட்டறைச் சுவத்துலயே எழுதிக் கீதே. ஒரு டிசைன், ஒரே கிட்டார். அதே மாரி இன்னொண்ணு செய்ய மாட்டேன்."

"அப்ப மேசை மேல கெடக்குதே, இது இன்னா?"

மேசைமேல் கிடந்தது ஒரு எலக்ட்ரிக் பேஸ் கிட்டார். பலா மரத்தில் உடம்பு, தேக்கில் கழுத்து, ஒரு பக்கம் மட்டும் நீண்டு வளைந்த கொம்பு. பெனிட்டோவின் தோளில் தொங்கியதும் அதே மாதிரிதான். இரட்டைப் பிள்ளைகள் தோற்றுப்போகும்!

போன கிறிஸ்துமஸுக்கு அவன் செல்போனில் ஒரு படத்தைக் கொண்டுவந்து, "நானே ஒக்காந்து போட்டது" என்று காட்டினான். ஆன்சி இழைத்து இழைத்து ஈஸ்டருக்குச் செய்து கொடுத்தாள். இப்போது அதே டிசைனில் இன்னொன்று செய்து வைத்திருக்கிறாள் என்றால் யாருக்குத்தான் கோபம் வராது?

"இதுவும் நீ செஞ்சதுதானா?"

"நாந்தான் செஞ்சேன்."

"அதே அளவு?"

"ஒரு நூல் மாறாம."

செய்ததையும் செய்துவிட்டு, கொஞ்சமாவது கூச்சம் வேண்டாமோ?

"இப்பவே லைவ் போடறேன் பாரு. நாப்பதாயிரம் பேரு என்னை ஃபாலோ பண்றான். உன் பேரு நாறட்டும்."

கட்டை விரல் போனின் மேல் வந்து நின்றது. ஆன்சியைத் தேடி ஆட்கள் வருவதே சுவரில் இருந்த அந்த ஒரு வரிக்காகத்தான். அது பொய் என்று ஆகிவிட்டால் பட்டறையைப் பூட்டிக்கொண்டு போக வேண்டியதுதான்.

வேறு யாராவது என்றால் கெஞ்சியிருப்பார்கள். ஆன்சி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"தாராளமா போடு. நீ இப்ப இன்னாத்துக்கு வந்தேன்னு சொல்லிட்டுப் போடு."

"ரிப்பேருக்கு! மாட்டுனா ஒடம்புல நிக்கவே மாட்டேங்குது. நழுவிகினே போவுது. மேடையில வாசிக்கிறதா, இதத் தூக்கித் தூக்கி வுடறதா? உன் வேலையே சரியில்ல."

"படத்துல இருந்த மாரிதான் செஞ்சேன். பின்னாடி திருப்பு."

திருப்பினான். கிட்டாரின் பின்பக்கம், சோற்றுத் தட்டு அளவுக்கு வட்டமாகக் குடைந்திருந்தது.

"எல்லாருக்கும் ஓரத்துல லேசா ஒரு சரிவு குடுப்பேன். உன் படத்துல மட்டும் இம்மாம் பெரிய குழி. எதுக்குப் போட்டே?"

பெனிட்டோ குழியைத் தடவிப் பார்த்தான். "அது... ஸ்டைலு."

"சரி, குந்து. மேசை மேல கீற கிட்டாருக்கு ஓனர் வர்ற நேரந்தான். ஈஸ்டர் முடிஞ்ச கையோட வந்தாரு. ஒரு நோட்டு பூரா பென்சில்ல இதே படம். மொதல்ல அவரைத்தான் திருடன்னு நெனச்சேன். அவருகிட்டயும் இந்தக் குழி எதுக்குன்னுதான் கேட்டேன்."

"அவன் இன்னா சொன்னான்?"

"வாயத் தொறக்கல. எழுந்து நின்னாரு."

பெனிட்டோவுக்குப் புரியவில்லை. புரிவதற்குள் வாசலில் ஒரு தொப்பை தெரிந்தது. அதன் பின்னால், அவசரமே இல்லாமல், துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் அம்புரோஸ் உள்ளே வந்தான். பெனிட்டோவின் பள்ளிக்கூடத்துத் தோஸ்து. ஒரு வருஷமாக அவன் வீட்டுப் பக்கமே பெனிட்டோ தலை வைத்துப் படுக்கவில்லை.

பெனிட்டோ ஒரு அடி பின்வாங்கினான்.

அம்புரோஸின் கண் மேசையைத் தவிர வேறு எங்கும் போகவில்லை. ஆசையாகக் கிட்டாரை எடுத்து மாட்டினான். தொப்பை குழிக்குள் கச்சிதமாக உட்கார்ந்துகொண்டது. இரண்டு கையையும் விட்டான். கிட்டார் அசையவில்லை. ஆம்ப்ளிஃபயரில் சொருகி ஒரு கம்பியைச் சுண்டினான். கூரைத் தகரம் அதிர்ந்தது.

"நான் வாக்கு தவறல, பெனிட்டோ," என்றாள் ஆன்சி. "டிசைன் போட்டவருக்கு ஒண்ணே ஒண்ணுதான் செஞ்சிருக்கேன். உன் தோள்ல தொங்குது பாரு, அதான் காப்பி. இப்பப் போடு லைவ்வ."

போன் சத்தமில்லாமல் பாக்கெட்டுக்குள் போனது.

அப்போதுதான் அம்புரோஸ் திரும்பினான். நண்பனின் தோளில் தொங்கிய கிட்டாரைப் பார்த்தான். அதன் பின்னால் முதுகோடு ஒட்டிக் கிடந்த வயிற்றையும் பார்த்தான். அவனுக்குக் கோபம் வரவில்லை. பாவமாக இருந்தது.

"அன்னிக்கு வூட்டுக்குச் சாப்ட வந்தப்ப என் நோட்ட போட்டோ புடிச்சது இதுக்குத்தானா மாமு? ஒரு வார்த்தை கேட்டிருந்தா, உன் வவுத்துக்கு ஏத்தாப்புல ஒண்ணு நானே வரைஞ்சி குடுத்திருப்பேனே!"