முன்கதவு

மடுல்சீமைத் தோட்டத்தில் விடிகாலையோடு மழை ஓய்ந்திருக்கிறது. தொழிலாளர் லயத்தில் செவனம்மாவின் ஒற்றையறைக் காம்பராவுக்கு இப்போது பின்சுவர் இல்லை. நேற்றுச் சரிந்த மண் அதைக் கொண்டுபோய்விட்டது. சுவர் இருந்த இடத்தில் தேயிலை மலை தெரிகிறது. பனி அடுப்படி வரைக்கும் வந்து நிற்கிறது. முன்கதவில் யாரோ ஒரு சிவப்புத் தாளை ஒட்டியிருக்கிறார்கள், சிங்களத்தில் மட்டும். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. இனி இங்கே குடியிருக்கக் கூடாது என்றுதான் எழுதியிருக்கும் என்று தெரியும். பாயில் கிடக்கும் போனில் கோத்தகிரி அண்ணன் பேசிக்கொண்டிருக்கிறார். அவர் இந்தியாவுக்குக் கப்பலேறி நாற்பது வருசத்துக்கு மேலாகிறது. “சொந்தமா ஒரு முழம் மண்ணு குடுக்காத நாடு. இன்னும் என்னத்துக்கு அங்க கெடக்குற? நம்ம ஊருக்கே வந்துரு தாயி.” அவள் கொழுந்துக் கூடையில் அப்பியிருக்கும் சேற்றை விரலால் வழிக்கிறாள். பனி விலகி, ஈரத் தேயிலையில் வெயில் விழுந்து கண் கூசுகிறது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். “அங்க ஒங்கள என்னான்னுண்ணே கூப்புடுறாங்க?” அண்ணன் குரலைத் தணிக்கிறார். “சிலோன்காரன்னுதான்.” “சரிண்ணே. வேலைக்குப் பெரட்டுல பேர் போட நேரமாச்சு, வைக்கிறேன்.” கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு வெளியே வருகிறாள். முன்கதவைச் சாத்திப் பூட்டுகிறாள். பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு, சாவியை முந்தானையில் முடிந்துகொள்கிறாள்.