தொட்டியில் கை வைத்தவர்

கடல்மீன் தொட்டியில் மனைவி கண்ணும் கருத்துமாக வளர்த்த மென்பவளம் என்ற பவள உயிரி மூன்று நாளாகச் சுருங்கி, மெழுகு பூசியதுபோல் கிடந்தது.

"அப்பா, தொட்டியில கை வெச்சீங்களா? அன்னிக்கு அதுமேல குனிஞ்சு நின்னீங்களே!" என்று தன் அப்பாவைக் கேட்டாள்.

"ஆமாம்மா, தெரியாம வெச்சுட்டேன்," என்றார் மாமனார்.

தொட்டிக்கு ஆகாது, கூடவே கூடாது என்று அவள் தலைபாடாக அடித்துக்கொண்ட பூச்சி மருந்தை, அவள் இல்லாத நேரம் பார்த்துச் சமையலறையில் அடித்தவன் கணவன். சொன்னால் வீடு இரண்டுபடும் என்று மறைத்துவிட்டான்.

இரண்டு நாள் மனைவி தன் அப்பாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

வண்ணமீன் கடைக்காரர் வந்து பார்த்துச் சிரித்தார். "நோயில்லம்மா, தோல் உரிக்குது. தண்ணி ஓட்டத்தக் கூட்டி வைங்க, தானா விரிஞ்சிடும். விஷம் கிஷம் பட்டிருந்தா மீனெல்லாம் மிதந்திருக்குமே!"

அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"மன்னிச்சிடுங்கப்பா," என்று மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, கடைக்காரரை வழியனுப்பப் போனாள்.

மாமனார் மெல்ல அவன் காதருகே குனிந்தார். "அடுத்த தடவ மருந்தடிக்கறதுக்கு முன்னாடி தொட்டிய மூடிடுங்க, மாப்பிள்ளை. அன்னிக்கு நீங்க சமையல்கட்டுல அடிச்சப்போ, நான்தான் ஈரத்துண்டப் போட்டு மூடினேன். அத எடுக்கும்போதுதான் இவ பார்த்துட்டா."