மாம்பலகையின் ரேகை

புது வீடு ஒன்றுக்கு மாடித் தளம் போட, அடியில் தாங்கும் பலகையாக வாடகைக்கு வந்திருந்தது ஒரு மாம்பலகை. எத்தனையோ வீடு பார்த்த பலகை. யார் கட்டுகிறார்கள், யார் குடிவரப் போகிறார்கள் என்ற அக்கறையெல்லாம் அதற்கு இல்லை. ஆனால் அன்றைக்கு அது வைத்ததுதான் சட்டம். அது துளி சாய்ந்தாலும் தளம் கோணும் என்று மேஸ்திரி நாலு தடவை மட்டம் பார்த்தார்.

மேலே கொட்டிய கான்கிரீட் கூழாக நடுங்கியது.

"அக்கா, விட்டுடாதீங்க. உங்கள நம்பித்தான் படுத்திருக்கேன்."

"படுத்துக்கோ தம்பி," என்றது பலகை, கொட்டாவி விட்டபடி.

நாளாக நாளாகத் தளம் இறுகியது. பேச்செல்லாம் மேலே வந்து உட்கார்ந்த காக்கைகளோடுதான். மேஸ்திரியும் மாடியில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவதோடு சரி. கீழே குனிந்துகூடப் பார்க்கவில்லை. பலகைக்கோ இப்போதுதான் கவலை பிடித்துக்கொண்டது.

"தண்ணி நிக்குதாப்பா? வெயில் ரொம்பச் சுடுதா?"

தளம் எப்போதாவது "ம்" என்றது.

இருபத்தோராம் நாள் பலகையைத் தாங்கியிருந்த முட்டுகளைத் தட்டி எடுத்தார்கள். கான்கிரீட் கொட்டும் முன் எண்ணெய் தடவ மறந்திருந்ததால் பலகை தளத்தோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. மேஸ்திரி கடப்பாரையைக் கேட்டார்.

"அக்கா, நெம்பினா நான் பேந்துடுவேன்," என்றது தளம் மெதுவாக.

கடப்பாரை வருவதற்குள் பலகை தானாகவே பிடியை விட்டு விழுந்தது.

மணலில் மல்லாந்து கிடந்தபடி அது பார்த்தது. தளத்தின் அடியில் பலகையின் மர ரேகை ஒன்றுவிடாமல் பதிந்திருந்தது.

"நாளைக்கு சிமெண்ட் பூசி மறைச்சிடுவாங்க தம்பி."

"பூசட்டும்க்கா. அந்தப் பூச்சும் உங்க ரேகையப் பிடிச்சுக்கிட்டுத்தானே நிக்கணும்."