கொய்யாமரத்துக் கண்ணாடி

பஸ்ஸை விட்டு இறங்கியதும் தனலட்சுமி நேராகத் தம்பி வீட்டுக்குத்தான் போனாள். வீடு என்ன பெரிய வீடு, நாகலூர் பக்கத்துக் காபி எஸ்டேட்டில் கூலியாட்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடு. தம்பி பொன்னுவேல் மிளகு பறிக்க மரமேறி, விழுந்து செத்து நாற்பது நாள்கூட ஆகவில்லை.

அதற்குள் தனலட்சுமி வாழ்க்கைப்பட்ட மஞ்சக்குட்டை வரைக்கும் பேச்சு வந்துவிட்டது. "உன் தம்பி பொண்டாட்டி பொழுது விடிஞ்சா கண்ணாடி முன்னாடிதான் உக்காந்திருக்காளாம்!"

பொய்யில்லை. வாசல் கொய்யாமரத்தில் ஆணியடித்துக் கண்ணாடி மாட்டியிருந்தது. சற்றுத் தள்ளி சின்னத்தாயி, கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு, அதையே பார்த்தபடி இருந்தாள்.

தனலட்சுமிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்னடி இது? தாலியக் கழட்டி நாப்பது நாளு ஆவல, அதுக்குள்ள சிங்காரம் கேக்குதா?"

"அண்ணி, அப்படியில்லீங்க..."

"வாய மூடு! ஊரே சிரிக்குது. இனிமே உனக்கும் எங்களுக்கும் ஒண்ணுமில்ல!"

கண்ணாடியை வெடுக்கென்று பிடுங்கிப் பாறையில் ஓங்கி அடித்தாள். சுக்குநூறாகப் போனது.

சின்னத்தாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழட்டும், தப்புப் பண்ணியவள்தானே என்று நினைத்தாள் தனலட்சுமி.

அப்போது ஒரு குருவி வந்தது. கைப்பிடிக்குள் அடங்கிவிடும். இலை நிறம், கண்ணைச் சுற்றிச் சுண்ணாம்பு தடவினாற்போல் வெள்ளை வளையம். மலையிலேயே பிறந்து வளர்ந்தும் தனலட்சுமி இப்படியொன்றைக் கவனித்ததே இல்லை.

குருவி ஆணிமேல் உட்கார்ந்து அங்குமிங்கும் பார்த்தது. ஈனக்குரலில் கத்தியது. மரத்தை ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடியும் ஆணிக்கே வந்து கத்தியது.

"என்னடி தேடுது?"

"அதோட சோடியத்தானுங்க. ரெண்டும் ஒட்டிக்கிட்டேதான் உக்காந்திருக்கும். போன வாரம் ஒண்ணப் பூனை புடிச்சுக்கிச்சு. இது இரை எடுக்காம நொம்பக் கத்திக்கிட்டுக் கெடந்துச்சு. மனசு கேக்கல, கண்ணாடிய மாட்டுனேன். சோடி வந்திருச்சுன்னு அதுமேல சாஞ்சு உக்காந்துக்கிச்சுங்க."

தனலட்சுமி பாறையில் சிதறிக் கிடந்த கண்ணாடிச் சில்லுகளைப் பார்த்தாள்.

"அதுக்கு நீ எதுக்குடி நாளெல்லாம் எதுத்தாப்புல உக்காந்திருந்த?"

"எனக்குத்தான் எந்தக் கண்ணாடியிலயும் அவரு வரமாட்டேங்கறாரு அண்ணி. அதுக்காச்சும் வந்திருச்சேன்னு பாத்துக்கிட்டு இருந்தேனுங்க."