நாற்பத்தெட்டாவது கையெழுத்து

"நாப்பத்தேழு கடைக்காரங்க போட்டாச்சு. நீங்க ஒருத்தர்தான் பாக்கி. சட்டுனு போடுங்கண்ணே, நான் கிளம்பணும்."

மார்க்கெட் மேனேஜர் காகிதத்தை நீட்டி, பேனா மூடியையும் தானே கழற்றி வைத்தார். ஷூ ரிப்பேர்காரர் நிமிரவில்லை. மடியில் கிடந்த ஷூவின் அடியில் பசை தடவிக்கொண்டிருந்தார். காலையில் ஓடுகிறவர்கள் போடும் ரகம். மார்க்கெட்டில் அவருக்கு 'ஊசி' என்று பெயர். பாதி தொழிலால் வந்தது, மீதி வாயால் வந்தது.

"படிச்சுக் காட்டுங்க," என்றார் ஊசி.

"எல்லாரும் படிக்காமதான் போட்டாங்க."

"அதனாலதான் கேக்கறேன்."

மேனேஜர் வேண்டா வெறுப்பாகப் படித்தார். மார்க்கெட் கட்டடத்தின் முதலாளி மீது நடக்கும் மோசடி விசாரணையை மனிதாபிமானத்தோடு நிறுத்தி வைக்க வேண்டும். மாடிப்படியில் விழுந்த நாளிலிருந்து, ஐந்து மாதங்களாக, அவருடைய கால் தரையில் படவில்லை. இதை நாங்கள் நேரில் அறிவோம். இப்படிக்கு, மார்க்கெட் வியாபாரிகள்.

"நேர்ல அறிவோமா? யாரு பார்த்தா?"

"அதான் தினமும் டிவியில காட்டறாங்களே."

எதிர்க்கடை கடிகாரக்காரர் தன் டிவியில் சத்தத்தைக் கூட்டினார். கோர்ட் வாசலில் முதலாளியைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். இடுப்புக்குக் கீழே போர்வை. இல்லாத கம்பெனிகளின் பேரில் ஊரை ஏமாற்றியவர் என்று ஆறு மாதத்துக்கு முன் இதே வாசலில் ஜனங்கள் அவர் கார் மேல் கல்லெறிந்தார்கள். இப்போது இரண்டு பக்கமும் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

"கண்கொண்டு பார்க்க முடியலய்யா," என்றார் கடிகாரக்காரர். "அந்த இடது கால் அரை அங்குலம் குட்டைன்னு யாருக்காவது தெரியுமா? குதிகாலுக்குள்ள நீ தோல் வச்சுக் குடுத்த ஷூவுலதானே அவ்வளவு நிமிர்ந்து நடந்தாரு. இருபது வருஷமா அவருக்கு வேலை பார்த்தவன், உனக்கே மனசு இளகலியா?"

"மனசு இளகினா கை நடுங்கும். தையல் கோணிக்கும்."

பக்கத்தில் ஒரு பைக்கு ஜிப் மாற்றிக்கொண்டிருந்த ஊசியின் மனைவி நகர்ந்து வந்தாள்.

"ஏங்க, வீம்பு பிடிக்காதீங்க. ஒரு கையெழுத்துதானே. இந்த எட்டடிக் கடையும் போச்சுன்னா நாம எங்க போய் உக்கார்றது?"

"அக்காவுக்குப் புரியுது," என்றார் மேனேஜர். "கடை ஒப்பந்தம் இந்த மாசத்தோட முடியுது. புதுப்பிக்கறது முதலாளி கையில. மிரட்டறேன்னு நினைச்சுக்காதீங்க."

"நினைக்கல. மிரட்டறீங்கன்னு தெரியுது."

ஊசி ஷூவின் உள்தட்டைத் தூக்கி, பால்பாயிண்ட் பேனாவால் அன்றைய தேதியை எழுதினார். கடைக்கு வரும் எல்லா ஷூவுக்கும் அப்படித்தான். 'போன மாசம்தானே தைச்சேன், அதுக்குள்ள பிஞ்சு போச்சு' என்று சண்டைக்கு வருகிறவர்களிடம் உள்தட்டைத் தூக்கிக் காட்டிவிடுவார்.

"இப்ப என்ன, போடுவீங்களா மாட்டீங்களா?"

"முதலாளியை நேர்ல வந்து கேக்கச் சொல்லுங்க. வந்தா போடறேன்."

ஜிப் மாற்றும் கை நின்றது. கடிகாரக்காரர் டிவியை அணைத்தார்.

"வாய் அழுகிடும்யா உனக்கு. எழுந்து நிக்க முடியாத மனுஷனைப் போய் வரச் சொல்றியே," என்றார்.

மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். இருபத்தாறு வருடக் குடித்தனத்தில் இந்த மனிதருக்காக அவள் எத்தனையோ முறை கோபப்பட்டிருக்கிறாள். வெட்கப்பட்டது அன்றுதான்.

மேனேஜர் காகிதத்தை நாலாக மடித்தார். "ரொம்ப சந்தோஷம். ஒண்ணாம் தேதி சாவியைக் கொண்டாந்து குடுத்துடுங்க."

"இருங்க, வெறுங்கையோட போகாதீங்க." ஊசி ஷூவைத் துடைத்து ஒரு துணிப்பையில் போட்டு நீட்டினார். "உங்க முதலாளி பங்களா வாட்ச்மேன் கொண்டாந்தது. மச்சானோடதுன்னு சொன்னான்."

"வாட்ச்மேனோட மச்சானுக்கு நான் எடுபிடியா?"

"மச்சானுக்கும் இடது கால் அரை அங்குலம் குட்டையாம். குதிகால்ல நான் வச்ச தோல் அப்படியே இருந்துச்சு. இந்த அஞ்சு மாசத்துல மூணு தடவை அடி மாத்தியிருக்கேன், மூணு தேதியும் உள்ள இருக்கு. தினமும் நல்ல தூரம் ஓடறாரு போல."

மேனேஜர் பையை வெடுக்கென்று பிடுங்கிக் கையை உள்ளே விட்டார். வலது கால் ஷூ மட்டும்தான் இருந்தது.

"இடது எங்க?"

கையெழுத்துக்காக மேனேஜர் திறந்து வைத்த பேனாவுக்கு ஊசி மூடியைப் போட்டு, அவர் சட்டைப் பையில் பத்திரமாகச் செருகினார்.

"காலைலயே விசாரணை அதிகாரிங்க வந்து, ரசீது எழுதிக் குடுத்துட்டு வாங்கிட்டுப் போயிட்டாங்க."