ஏழு பேர் திரும்பி வந்தார்கள்

ஏழு ஜூரிகளும் உள்ளறையிலிருந்து வரிசையாகத் திரும்பி வந்தார்கள். ஒருவர்கூடக் கூண்டுப் பக்கம் ஏறிட்டுப் பார்க்கவில்லை. சந்திரசேகரன் முகத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டான்.

பினாங்குப் பெரிய கோர்ட்டில் மூன்று நாளாக நடந்த கொலை வழக்கு. துறைமுகத்தில் மூட்டை இறக்கும்போது வாய்த்தகராறு முற்றிக் கைகலப்பாகிவிட்டது. மூட்டைக் கொக்கியால் ஒரே குத்து. ஆள் அங்கேயே முடிந்துபோனான். வேண்டுமென்றே குத்தியதா, உயிருக்குப் பயந்து குத்தியதா? பதில் இப்போது அந்த ஏழு பேரின் வாயில் இருந்தது.

கோர்ட்டுச் சேவகர் அப்துல் ரஹீம் மெல்ல அருகில் வந்தார்.

"என்ன தம்பி, இப்படி வேர்த்து ஊத்துது? தண்ணி கொண்டாரவா?"

"வேணாம் பாய். தூக்குன்னு சொல்லிடுவாங்களோ?"

"சொல்ல மாட்டாங்க லா. போன தடவ ஒருத்தன சும்மா விட்டாங்களே, மறந்துட்டீங்களா? தாடியப் பாத்தா சண்டியர் மாதிரி இருக்கீங்க, உள்ளுக்குள்ள இந்த உதறு உதறுது!"

சிரிக்க வைக்கத்தான் சொன்னார். சந்திரசேகரனுக்குச் சிரிப்பு வரவில்லை.

அது ஆசைக்கு வளர்த்த தாடி அல்ல. ஜெயலெட்சுமிக்கு இது ஆறாம் மாதம். பிள்ளை பிறக்கும்வரை கணவன் முகத்தில் கத்தி படக் கூடாது. முந்தின இரண்டு கருவும் தங்காமல் போனதிலிருந்து அவள் எதற்கெடுத்தாலும் பயந்தாள்.

"புள்ளத்தாச்சி வீடுங்க இது. சாவுப் பேச்சு உங்க வாயில வரவே கூடாது. வயித்துல இருக்கறதுக்கு ஆகாது," என்று காலையில் அவன் நெற்றியில் திருநீறு பூசும்போதே அழுதுவிட்டாள்.

"என் கையிலயா இருக்கு லெட்சுமி? போகாம இருந்தா விடுவானுங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் அவன் கிளம்பினான்.

ஜூரித் தலைவர் எழுந்து நின்றார். ஒரே ஒரு சொல்தான் சொன்னார்.

"கில்டி."

எழுத்தர் ஒருவர் கறுப்புத் துணிச் சதுரம் ஒன்றை எடுத்து நீதிபதியின் வெள்ளைப் பொய்முடிமேல் மெதுவாக வைத்தார். பார்வையாளர் பெஞ்சில் யாரோ ஒரு பெண் விம்மினாள். மேலே பங்கா விசிறி மட்டும் ஒன்றும் நடக்காததுபோல் ஆடிக்கொண்டிருந்தது.

நீதிபதி நிறுத்தி நிறுத்தி இங்கிலீஷில் பேசினார். பெஞ்சில் இருந்த துறைமுகக் கூலிகள் ஒன்றும் புரியாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சந்திரசேகரனுக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. கழுத்து. கயிறு. உயிர் போகும்வரை.

பேசி முடித்த நீதிபதி அவனைப் பார்த்தார். கோர்ட்டு முழுவதும் அவன் பக்கம் திரும்பியது. இனி அவன் வாய் திறக்க வேண்டும்; அதுதான் அங்கே முறை.

ஜெயலெட்சுமியின் மேடிட்ட வயிறும் அதன்மேல் அவள் பொத்தி வைத்திருந்த கைகளும் கண்ணுக்குள் வந்து நின்றன. விழுந்துவிடாமல் இருக்கக் கூண்டின் கம்பியை இறுகப் பற்றிக்கொண்டான்.

கம்பிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, விலங்கு மாட்டிய, காய்த்துப்போன ஒரு கை நீண்டு வந்து அவன் விரல்களை மெல்ல அழுத்தியது.

"நீங்க ஏண்ணே நடுங்குறீங்க, தண்டன எனக்குத்தானே? தொரை சொன்னதத் தமிழ்ல சொல்லுங்க."