கடைசிக் குருவி

குருவி கார் சரியாக விற்கவில்லை, இனி தயாரிப்பதில்லை என்று கம்பெனி அறிவித்த அன்று, ஷோரூமில் ஒரே ஒரு குருவிதான் மிச்சமிருந்தது. சாயங்காலத்துக்குள் விற்காவிட்டால் அதை உதிரிபாகங்களாகப் பிரித்துவிடுவார்கள்.

பக்கத்தில் நின்ற புது மதயானை கார் பிளிறியது. "என்ன பெருசு, உன்னை ஒருத்தனும் சீந்தலையாமே?"

வழியனுப்ப ஊரே வந்தது. "தங்கமான வண்டி!" என்று மூக்கைச் சிந்தியது, செல்ஃபி எடுத்தது. வாங்குகிற பேச்சை மட்டும் எடுக்கவில்லை.

குருவி அசரவில்லை. "வாசலைப் பாரு தம்பி. எல்லாரும் எதுல வந்திருக்காங்க?"

வாசலில் இருபது வருஷத்துப் பழைய குருவிகள் வரிசைகட்டி நின்றன.

"அதுங்க படுத்தாத்தானே என்னை வாங்குவாங்க? பிரிக்கட்டும். என் பாகமெல்லாம் அதுங்களுக்குப் போச்சுன்னா இன்னும் இருபது வருஷம் ஓடும். அதுவரைக்கும் உன்னை எவன் வாங்குவான்?"